சுளுக்கிய கரண்டையோடு கொடைக்கானல் மலை ஏற: சைக்கிளுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கல் லீவில் மூன்று நாள் பயணம் என்று முடிவாகியிருந்தது. முதல் நாள் வத்தலக்குண்டிலிருந்து சைக்கிளில் கொடைக்கானல் ஏறுவது, மறுநாள் பூம்பாறை, மன்னவனூர் போய்த் திரும்புவது, மூன்றாம் நாள் பெருமாள்மலை வந்து அங்கிருந்து பழனிக்கு இறங்குவது. கிளம்ப ஏழு வாரம் இருந்தபோது, வட்டக்கானலில் டால்பின் நோஸ் போகும் ஒற்றையடிப் பாதையில், மழையில் ஊறிக் கிடந்த மரவேர் ஒன்றில் என் இடது கால் வழுக்கி உள்பக்கமாக மடங்கியது. கூட வந்தவர்கள், “ஒண்ணுமில்லடா, நடந்தா சரியாப் போயிடும்” என்றார்கள். நடந்தேன். படுக்கப் போகும்போது கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது.

எங்கள் பக்கம் கணுக்காலைக் கரண்டை என்போம். எனக்கு வாய்க்கு வருவது அதுதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வலியும் வீக்கமும் அடங்கிய பிறகு, சைக்கிள் மிதிப்பதைக் கண்டு கரண்டை பெரிதாகப் பயப்படுவதில்லை. எடை சீட்டில் இருக்கிறது. பாதம் ஒரே தடத்தில் சுற்றுகிறது, பக்கவாட்டில் மடங்க வழியில்லை. பயப்பட வேண்டியது சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றும் அந்த ஒரு நொடிக்கு. நம் ஊரில் சாலையின் இடது ஓரத்தில் ஓட்டுகிறோம், நிற்கும்போது பெரும்பாலானவர்கள் இடது காலைத்தான் ஊன்றுகிறார்கள். மலைச்சாலையில் தார் முடியும் இடத்தில் மண் ஒரு சாண் தாழ்ந்திருக்கும். சரளை இருக்கும், புல் மூடிய குழி இருக்கும். களைத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, அவசரமாக ஊன்றும் கால் அங்கேதான் மறுபடி பிசகுகிறது. அதனால் நம் பயிற்சியில் பாதி மிதிப்பதற்கு, பாதி ஊன்றுவதற்கு.

எலும்பா, சுளுக்கா?

இதை ஊகத்தில் விடாதீர்கள். கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ல் வெளியிட்ட எளிய விதி ஒன்று இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கரண்டையின் இருபுறமும் முண்டாகத் தெரியும் எலும்பின் நுனியையும், அதன் பின்விளிம்பில் ஆறு செ.மீ. உயரம் வரையிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்க நடுப்பாதத்தில் அதே மாதிரி துருத்தும் எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே சுருக்கென்று வலித்தாலோ, நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். விரல்கள் மரத்துப்போவது, வெளுத்துச் சில்லிடுவது, கால் கோணிக்கொண்டு நிற்பது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால் அவர்கள் வலியை நம்பாமல் மருத்துவரிடமே காட்டிவிடுவது நல்லது.

என் பத்து நாள் வீணான கதை இங்கேதான் வருகிறது. எக்ஸ்ரே எடுக்காமலே, சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் போனேன். எண்ணெய் தேய்த்து, காலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. மறுநாள் வீக்கம் கெண்டைக்கால் வரை ஏறியது. சுளுக்கு என்பது நரம்பு புரண்டுகொள்வது என்றும், அதை இழுத்து இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் தசைநார் இழுபட்டிருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது. பெரும்பாலும் வெளிப்பக்கத்தின் முன்பகுதித் தசைநார்தான் முதலில் அடிபடும். கிழிந்ததை மேலும் இழுத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று என் அத்தை ஒரு ஆளையே கூட்டிவந்தார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

முதல் நான்கு நாள்

இந்த நாள்களில் காலைச் சும்மா விடுவதுதான் வேலை. உட்காரும்போதும் படுக்கும்போதும் பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கிற மாதிரி இரண்டு தலையணை அடுக்கி வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே சுற்றுங்கள். விரல் நுனி நீலம் பாரித்தால் இறுக்கம் அதிகம். படுக்கும்போது கழற்றிவிடலாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வைத்தால் வலி அடங்கும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978ல் ‘ரைஸ்’ (RICE) என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பின்னாளில் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். ஆகவே ஐஸை வலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாள் கணக்கில் வேண்டாம்.

புளியையும் உப்பையும் கொதிக்கவைத்துச் சூடாகப் பற்றுப் போடுவது, தைலம் தேய்த்து அமுக்குவது, வெந்நீர் ஒற்றடம் எல்லாம் இந்த நான்கு நாளுக்குப் பிறகுதான். சூடு வீக்கத்தைக் கூட்டும். கொடைக்கானல் கடைகளில் வாங்கிய யூகலிப்டஸ் தைலம் வீட்டில் இருக்கத்தான் செய்யும், எரிச்சல் இதமாகவும் இருக்கும். அதை மூக்கடைப்புக்கு வைத்திருங்கள். வலி மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் பெரும்பாலும் போதும்.

காலுக்குத் திரும்பப் பாடம்

வலி குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. வத்தலக்குண்டில் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னிடம் வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. “தம்பி, அடிபட்ட கால்ல மட்டும் நில்லுங்க பார்ப்போம்” என்றார். ஆறு நொடியில் சுவரைப் பிடித்துவிட்டேன். “கண்ணை மூடிக்கிட்டு?” இரண்டு நொடி. நல்ல காலில் முப்பது நொடி சாதாரணமாக நின்றேன்.

காரணம் இதுதான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் நரம்பு முனைகள் தசைநாருக்குள் இருக்கின்றன. அது கிழியும்போது அந்தத் தகவலும் தடுமாறுகிறது. கால் மடங்கத் தொடங்கியதை மூளை தாமதமாகத் தெரிந்துகொண்டால், வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஒருமுறை சுளுக்கியவருக்கே திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாத்திரையோ தைலமோ இதைச் சரிசெய்யாது, பழக்கம்தான் சரிசெய்யும்.

வலி விடுகிற அளவுக்கு, நான்காம் ஐந்தாம் நாளிலிருந்தே தொடங்கலாம். உட்கார்ந்தபடி கட்டை விரலைப் பேனாவாக்கிக் காற்றில் எழுதுங்கள். ஆங்கில எழுத்துகளை எழுதச் சொல்வது வழக்கம். நான் தமிழில் எழுதினேன். அ, இ, ஐ, ழ எல்லாம் எழுதினால் கரண்டை எல்லாத் திசைக்கும் சுழன்று வந்துவிடும், ‘T’, ‘L’ மாதிரி நேர்கோட்டில் முடிந்துவிடாது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை உயிரெழுத்து பன்னிரண்டும்.

இரண்டாவது வாரத்தில் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, முட்டியை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். 15 தடவை, மூன்று சுற்று. கால் உள்ளே மடங்கும்போது தடுத்துப் பிடிக்கும் தசைக்கான பயிற்சி இது. ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு பயிற்சிக்கு நேரம் இருந்தால், அடுத்ததாக ஒற்றைக்கால் நிற்றல். பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் நில்லுங்கள், அதற்கென்று தனி நேரம் வேண்டாம். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். 30 நொடி ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடி நில்லுங்கள், அப்புறம் தலையணை மேல் நில்லுங்கள்.

குதிகால் தூக்குதலும் வேண்டும். முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், கடைசியில் படிக்கட்டு ஓரத்தில் குதிகால் கீழே இறங்கும்படி. கரண்டை எவ்வளவு மடங்குகிறது என்பதை வாரம் ஒருமுறை அளந்து பார்க்கலாம். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையிலிருந்து எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்தி, கட்டை விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளவுங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இரண்டு செ.மீ.க்குள் வந்தால் சரி.

சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்?

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளீட் பெடல் வைத்திருந்தால் இந்தப் பயணத்துக்குக் கழற்றி வைத்துவிடுங்கள். அதிலிருந்து விடுபடக் குதிகாலை வெளிப்பக்கம் திருக வேண்டும், அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் அடிபட்ட இடத்தைத்தான் திருகுவோம். அகலமான தட்டைப் பெடலும், அடிப்பகுதி வளையாத சாதாரண ஷூவும் போதும். பெடலைப் பாதத்தின் முன்பந்தில், அதாவது விரல்களுக்குப் பின்னால் தடித்திருக்கும் இடத்தில், வைத்து மிதிக்கச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். அதிலிருந்து ஷூவை இரண்டு மூன்று செ.மீ. முன்னால் தள்ளி, பெடல் நடுப்பாதத்தை நோக்கி வரும்படி வையுங்கள். கரண்டைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் வரும் சுமை குறைவதை முதல் நாளே உணர்வீர்கள்.

சீட் உயரம் அதிகமாக இருந்தால், பெடல் கீழே போகும்போது விரலால் எக்கி மிதிப்போம், அது கரண்டைக்கு ஆகாது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. அதிலிருந்து ஒரு செ.மீ. இறக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிற்கும்போது கால் தரைக்கு எட்டும்.

பலர் யோசிக்காத விஷயம் கியர். “முடியலைன்னா இறங்கித் தள்ளிட்டுப் போயிடலாம்” என்று புதியவர்கள் சொல்வார்கள். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளும்போது ஒவ்வொரு எட்டிலும் கரண்டை முழுதாக மடங்கும், நடப்பதோ சாலையின் உடைந்த ஓரத்தில். அடிபட்ட காலுக்கு மிதிப்பதைவிடத் தள்ளுவதுதான் கஷ்டம். ஆகவே தள்ள வேண்டியே வராத கியர் வேண்டும். முன்பல் சக்கரத்திலும் பின்பல் சக்கரத்திலும் ஒரே எண்ணிக்கைப் பல் வருகிற மாதிரி, உதாரணமாக முன்னால் 34, பின்னால் 34 இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். அவ்வளவு போதும்.

ஊன்றப் பழகுவது

எனக்கு அடிபட்டது இடது கால். எனவே வலது காலை ஊன்ற நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இருபது வருடப் பழக்கத்தை மாற்றுவது லேசில்லை. பள்ளி மைதானத்தில் முதல் நாள் இரண்டு தடவை சைக்கிளோடு சாய்ந்தேன், பையன்கள் சிரித்தார்கள். செய்முறை இதுதான். வேகத்தைக் குறைத்து, இடது பெடலை அடியில் கொண்டுவந்து, எடையை அதன்மேல் வைத்து, சீட்டை விட்டு முன்னால் இறங்கி, வலது காலை ஊன்றுவது. ஐம்பது தடவை செய்யுங்கள், பிறகு கால் தானாகச் செய்யும். சாலையில் வலது பக்கம் வண்டிகள் வரும் பக்கம் என்பதால், முதலில் தாரை விட்டு முழுதாக ஒதுங்கிய பிறகுதான் நிற்க வேண்டும். ஊன்றும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊன்றுங்கள். இடது ஓரத்தில் தடுப்புச் சுவர் இருந்தால் இடது பாதத்தை அதன்மேல் சமமாக வைத்தும் நிற்கலாம், சரிவில் ஊன்றுவதைவிட அது எவ்வளவோ மேல். வலது காலில் அடிபட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் பாக்கியசாலிகள்.

சமவெளியிலிருந்து மலைக்கு

லேசான சுளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் சைக்கிளுக்குத் தயாராகிவிடும். வீக்கமும் கன்றிப்போதலும் நிறைய இருந்தால் ஆறு வாரம் வரை ஆகலாம். முழுதாகக் கிழிந்திருந்தால் மூன்று மாதம்கூட. உங்களுடையது எந்த வகை என்பதை மருத்துவர் சொல்லட்டும், பயணத் தேதி சொல்ல வேண்டாம்.

முதல் சவாரி மேடு பள்ளம் இல்லாத சாலையில், 10 கிலோமீட்டருக்குள். நான் வத்தலக்குண்டிலிருந்து தேவதானப்பட்டி பக்கம் அதிகாலையில் போய்த் திரும்பினேன். லேசான கியரில், உட்கார்ந்தபடியே. எழுந்து நின்று மிதிக்கவே கூடாது, அதில் முழு எடையும் ஒரு பாதத்தில் ஆடும். சவாரி முடிந்ததும் எப்படி இருக்கிறது என்பதைவிட, மறுநாள் காலை எழுந்து முதல் எட்டு வைக்கும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நேற்றுக் காலை மாதிரியே இருந்தால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். விறைப்போ வீக்கமோ கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம் மலை. மலைப்பாதை ஆரம்பிக்கும் காட்ரோட்டில் தொடங்கி, வழியில் இருக்கும் டம்டம் பாறை வரை ஏறி இறங்குவது நல்ல ஒத்திகை. அதற்கு முன் வீட்டில் மூன்று சோதனை: அடிபட்ட காலில் 30 நொடி நிற்பது, அதே காலில் இருபது தடவை குதிகால் தூக்குவது, பத்து தடவை நொண்டியடிப்பது. நொண்டியாட்டத்தில் வலித்தாலோ, கால் தரையில் படும்போது மனம் தயங்கினாலோ ஒத்திகையை ஒரு வாரம் தள்ளுங்கள். டம்டம் பாறையில் நிற்கும்போது தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள், குரங்குக்குப் பயந்து துள்ளியும் கால் பிசகலாம்.

முழு ஏற்றத்தில் 1,700 மீட்டருக்குக் குறையாமல் உயரம் ஏறுகிறோம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சரிவு செங்குத்து இல்லை, ஆனால் விடாமல் இருக்கும். ஆறு மணி நேரம் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால், அடிபட்ட கால் மட்டும் 21,600 தடவை மிதிக்கிறது. அதனால் ஊத்து, பெருமாள்மலை என்று நிற்கிற இடமெல்லாம் ஷூவைக் கழற்றிக் காலைத் தூக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். கயிறு கட்டும் வகைக் கரண்டைப் பட்டை ஒன்றைச் சாலையிலும் நடக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம். சுளுக்கிய முதல் சில மாதங்களுக்கு அது மறுசுளுக்கைக் குறைக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், நிற்கச் சொல்லும் ஒரே சத்தத்தை அடைத்துவிடுவீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். காலையில் கரண்டை மரக்கட்டையாக இருக்கும். கம்பளி உறை போட்டுப் படுங்கள், எழுந்ததும் போர்வைக்குள்ளேயே உயிரெழுத்து எழுதுங்கள், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்புங்கள். இருட்டில் காட்டெருமை சாலையில் நிற்கும், அதைப் பார்த்து ஓடுகிற நிலையில் நம் கால் இல்லை.

இறக்கம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் சாலை 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, முட்டியை லேசாக மடக்கி, குழி வரும்போது சீட்டிலிருந்து சற்றே எழுந்து வாங்குங்கள். முன்னே இருக்கும் காலை அவ்வப்போது மாற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் வலது கால்.

மன்னவனூர் போன நாள் மாலை என் கால் லேசாக வீங்கியது. பூம்பாறை வரை மிதித்து வந்து, கேரட் ஏற்றிக்கொண்டு கீழே போகிற வண்டி ஒன்றை நிறுத்திக் கேட்டேன். “சைக்கிளை மூட்டை மேல போடுங்க, நீங்க முன்னாடி ஏறுங்க” என்றார் டிரைவர். கொடைக்கானலில் இறங்கி, சுவரில் காலைச் சாய்த்து ஒரு மணி நேரம் படுத்திருந்தேன். காலையில் வீக்கம் வடிந்திருந்தது, பழனிக்கு மிதித்தே இறங்கினேன். வடிந்திருக்காவிட்டால் பெருமாள்மலை வரை பஸ், அங்கிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறி வண்டி என்று இரவே விசாரித்து வைத்திருந்தேன். நீங்களும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.